தக்காளியில் விழுந்த சித்தப்பா

நான்காம் தரத்தில் இரண்டாம் தவணை தொடங்கியபோது, மைதானத்துக்குப் பக்கத்திலிருந்த கடைசி அறையில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். உட்கார வைத்தார்கள் என்பது பிழை. அந்த அறையில் யாரும் உட்காருவதில்லை. பதிவேட்டில் அதற்கு விசேட கல்வி அலகு என்று பெயர். பள்ளிக்கூடம் முழுவதும் அதைக் 'குதிக்கிற கிளாஸ்' என்றுதான் சொன்னது.

மற்றவர்களுக்கு ஒழுங்காக நின்ற எழுத்துகள் என்னைக் கண்டதும் அசைந்தன. அதுதான் என் குற்றம். மலை என்று எழுதியிருந்தால் மாலை என்று வாசிப்பேன். திருத்தினால் மாலையையும் மலை என்பேன். பழைய வகுப்பில் என்னை எழுந்து வாசிக்கச் சொல்லும்போது பின்வரிசை வாங்கில் ஒருத்தி விரல்விட்டுப் பிழைகளை எண்ணுவாள். அவளுக்கு விரல் போதாது. காலையில் பள்ளிக்கூட பஸ்ஸைக் கண்டாலே எனக்கு வயிறு வலிக்கும்.

புதிய டீச்சரிடம் இருந்த மருந்து ஒரு சோக்குக்கட்டி. சிமெந்துத் தரையில் வரிசையாகக் கட்டம் கீறி, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதுவார். குறிலுக்கு ஒரு குதி. நெடில் என்றால் நீளமாக ஒரு தாவல், தாவிய இடத்தில் இரண்டு எண்ணும்வரை நிற்க வேண்டும். புள்ளி வைத்த எழுத்துக்கு ஒற்றைக் கால். எழுத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே குதிக்க வேண்டும். நாங்கள் எட்டுப் பேர் காலை முழுவதும் சொற்களைக் குதித்தோம். இரண்டு வாரத்தில் மலையும் மாலையும் என் கால்களில் வேறு வேறாகிவிட்டன. கண்தான் இன்னும் ஏமாற்றியது, கால் ஏமாற்றவில்லை. வயிற்று வலி எப்போது நின்றது என்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் கண்டி நகரில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். நாற்காலியில் உட்கார்ந்து படித்து முன்னுக்கு வந்தவர்.

"நொண்டி அடிக்கவா பிள்ளைய பள்ளிக்கூடம் அனுப்புறோம்? தவணை முடிய பழைய வகுப்புக்கே மாத்தச் சொல்லி எழுதிக் குடுக்கப் போறேன்" என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வயிறு மெல்ல வலித்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் என்னைக் கூட்டிப்போக வருவது சித்தப்பா. அவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போடுகிறவர். வேலை சாயங்காலம்தான் தொடங்கும். முதலில் வேலிக்கு வெளியே நின்றார். பிறகு, நாங்கள் தாண்டும் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று டீச்சர் அவரை உள்ளே கூப்பிட்டார். அதன்பின் ஒன்றரை மணிக்கு வரவேண்டியவர் பன்னிரண்டு மணிக்கே வந்துவிடுவார், தலைக்கு எண்ணெய் தேய்த்து, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு.

அம்மாவின் கண்ணுக்கு இது தப்பவில்லை. சித்தப்பாவுக்கு முப்பத்திரண்டு வயது. காட்டிய பெண்களையெல்லாம் வேண்டாம் என்றவர்.

"ஒங்க டீச்சர் எப்பிடி இருப்பாங்க?" என்று அம்மா என்னிடம் கேட்டார்.

"அழகா இருப்பாங்க. நல்லா தாவுவாங்க."

அம்மாவுக்கு அது போதும். அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கையில் லட்டுப் பெட்டியோடு, யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

அன்றைய சொல் தக்காளி. காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுச் சித்தப்பா குதித்துக்கொண்டிருந்தார். 'த' என்று ஒரு குதி. 'க்' என்று ஒற்றைக் காலில் ஆடி ஆடி நின்றார். 'கா' என்று கத்திக்கொண்டு தாவும்போது வாசலில் அம்மாவைக் கண்டார். எங்கே தாவினார், எங்கே விழுந்தார் என்று சொல்ல முடியாது. 'ளி' அவருக்கு அடியில் போய்விட்டது. நாங்கள் எட்டுப் பேரும் கைதட்டினோம். தூக்கிவிட ஓடிவந்த டீச்சரை அப்போதுதான் அம்மா பார்த்தார். தலை முழுக்க நரை. அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர். அழகுதான்; நான் பொய் சொல்லவில்லை.

அம்மா லட்டுப் பெட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் தந்தார். சித்தப்பா முழங்காலைத் தடவிக்கொண்டு எழுந்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

"அண்ணி, ஹுன்னஸ்கிரிய தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மூணாம் வகுப்போட நின்னவன் நான். எழுத்து ஏறல. மக்குன்னு அனுப்பிட்டாங்க. இப்பதான் பஸ் போர்டு வாசிக்கிறேன். இங்க படிக்கிறத அண்ணனுக்கு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

 அம்மா சேலைத் தலைப்பால் அவர் முழங்கையிலிருந்த சோக்குத் தூளைத் துடைத்துவிட்டு, "அந்தச் சொல்ல முடிங்க தம்பி. பாதியில நிக்குது" என்றார்.

நான் லட்டுத் தின்றுகொண்டு இதையெல்லாம் கேட்டேன். பெரியவர்கள் எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும் என்பது எனக்கு உறுதி. என்னைக் கண்டு அம்மா வெட்கப்படக் கூடாது என்பதற்காகச் சித்தப்பா தன்னையும் மக்கு என்று பொய் சொல்கிறார் என்று விளங்கிக்கொண்டேன். எவ்வளவு நல்ல மனுஷன்! அவருக்குப் பெரிய லட்டாக ஒன்றை எடுத்து வைத்தேன்.

வீட்டில் அன்றிரவு அப்பா வெள்ளைத் தாளை எடுத்து, என்னை வகுப்பு மாற்றும்படி கடிதம் எழுத உட்கார்ந்தார்.

"பிள்ளை அங்கேயே இருக்கட்டும்" என்றார் அம்மா.

"நீ போய்ப் பாத்தியா?"

"பாத்தேன். நல்லாப் படிக்கிறாங்க."

"யாரு?"

"எல்லாரும்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுக்களைக்குப் போனார். சித்தப்பா வேலைக்குப் போயிருந்தார். அப்பா தாளை மடித்து அலுமாரியில் வைத்தார். நான் அந்த வகுப்பிலேயே ஐந்தாம் தரமும் படித்தேன்.

திங்கட்கிழமை காலை என் பையில் ஒரு கொப்பிக்குப் பதிலாக இரண்டு கொப்பிகள் இருந்தன. இரண்டுக்கும் அம்மா பழுப்புத் தாளில் உறை போட்டிருந்தார். "ஒண்ண கிளாஸ்லயே வச்சிட்டு வா" என்றார். பொருட்களைத் தொலைக்கிறவள் என்ற பெயர் எனக்கு ஏற்கனவே உண்டு. ஆகவே இரண்டையும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டாவது கொப்பியை எடுத்து, பெயர் எழுதாமல் விட்டிருந்த அதன் மேலுறையை என் முன்னால் நீட்டினார்.

"இது யாருக்குன்னு நெனச்ச?"

"எனக்குத்தான். முதல் கொப்பி முடிஞ்சா எழுத" என்றேன், பெருமையாக.