கமரா போடுகிற சராசரிக் கணக்கு

படம் எடுக்கிற தொழிலில் பிழையைக் கமரா விடும், ஏச்சை நாங்கள் வாங்குவோம். தோளில் பையும் கழுத்தில் கமராவுமாய்க் கலியாண வீடு, கோயில் என்று அலைகிற சகோதரங்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குருநகரில் எங்களுடையது சின்ன ஸ்ரூடியோ. முன்பு படம் எடுத்த இவருக்கு, என் மனுசனுக்கு, கை நடுங்கத் தொடங்கிய பிறகு கமராவை நான் எடுத்தேன். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் தங்கள் பாட்டில் போய்விட்டார்கள். எனக்குத் துணை மாதாவும், எல்லாவற்றையும் கமராவே பார்த்துக்கொள்கிற 'ஓட்டோ' என்ற குமிழும்தான்.

சட்டைப் படம்

போன வருசம் எங்கள் கோயிலில், பிள்ளைகள் முதன்முதலாய் நற்கருணை வாங்குகிற முதல்நன்மை. புதிதாக வெள்ளை அடித்த சுவருக்கு முன்னால், வெள்ளைச் சட்டையும் வெள்ளை முக்காடுமாய்ப் பிள்ளைகளை நிறுத்தி எடுத்தேன். படம் வந்து பார்த்தால் சுவர் சாம்பல் நிறம், முகங்கள் எல்லாம் இருட்டு. கடற்கரை வெயிலில் விளையாடுகிற பிள்ளைகள் கறுப்புத்தான். அதற்காகக் கண்ணும் மூக்கும் தெரியாமலா போகும்?

பாதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வருகிற வருசமும் ஒருமுறை இந்த வேலையைத் தருவேன், அதுவும் இப்படி வந்தால் ரவுணில் பெரிய ஸ்ரூடியோவுக்குக் கொடுக்கவேண்டி வரும் என்று மெதுவாகச் சொன்னார். ஞானஸ்நானம் தொடக்கம் நான் பார்த்து வளர்ந்த பிள்ளைகளை, என் சொந்தக் கோயிலில் வெளியாள் வந்து எடுப்பதா? விடுவதில்லை என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். வாசலில் ஒரு தாய் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, என்ரை பிள்ளையை எடுத்தனீங்களோ, சட்டையை மட்டும் எடுத்தனீங்களோ?"

ஓட்டோ

மகளுக்குக் கொழும்பில் கம்பியூட்டர் வேலை. போனில் அழாத குறையாய்ச் சொன்னேன். அவள் பொறுமையாய் விளக்கினாள். நாங்கள் படம் எடுக்க முதலே கமராவுக்குள் இருக்கிற சின்னக் கம்பியூட்டர்ச் சில்லு, காட்சியைச் சின்னச் சின்னப் பெட்டிகளாய்ப் பிரிக்குமாம். ஒவ்வொரு பெட்டியிலும் எவ்வளவு வெளிச்சம், கோடுகள் எவ்வளவு கூர்மை என்று கணக்கெடுக்குமாம். வெளிச்சத்துக்குச் சராசரி போட்டு, கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டும். லென்சை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தி, கோடு எங்கே ஆகக் கூர்மையோ அங்கே நிறுத்தும். எங்கள் சந்தையில் ஏலம் கூறுகிறவர் மீன் குவியலையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தானே வாய் திறப்பார், அதுபோலத்தான்.

"அப்ப வெள்ளைச் சுவரைக் கண்டு வெளிச்சம் கூடிப்போச்செண்டு நினைச்சிட்டுதோ?"

"ஓம் அம்மா. அதுக்குச் சுவரும் தெரியாது, முதல்நன்மையும் தெரியாது."

"நான் ஓட்டோவிலதானே பிள்ளை விட்டனான்?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள்: "ஓட்டோவில ஏறினாலும் போற இடத்தை நீங்கள்தானே அம்மா சொல்லவேணும்!"

அந்தோனியார் முந்திவிட்டார்

வெளிநாட்டிலிருக்கிற தன் மகளுக்கு அனுப்பவென்று, வள்ளங்கள் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டியார் படம் எடுக்க வந்தார். தொப்பியைக் கழற்ற மாட்டார். ஸ்ரூடியோச் சுவரில் மாட்டியிருக்கிற அந்தோனியார் படத்துக்குக் கீழேதான் நிற்பார். தொப்பி நிழலில் அவர் முகம் மறைய, கமராத் திரையில் முகம் தேடுகிற மஞ்சள் பெட்டி துள்ளிப் போய் அந்தோனியாரில் நின்றது. திரும்பத் திரும்ப அப்படித்தான். கடைசியில் அந்தப் பெட்டியை விரலால் தட்டி நானே இறக்கி அவர் முகத்தில் வைத்தேன். என்ன நடந்ததென்று சொன்னதும் கிழவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "பரவாயில்லை பிள்ளை, நல்ல பக்தியான கமரா. பாவியளைப் பிறகுதானே பாக்கவேணும்."

புகை

தெல்லிப்பழையில் ஒரு புது வீட்டுக் குடிபூரல். ஐயர் ஓமம் வளர்க்க, வீடு முழுக்கப் புகை. புகைக்குள் கோடு ஏது, கூர்மை ஏது? லென்ஸ் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடித் தவித்தது. முன்பென்றால் நானும் சேர்ந்து தவித்திருப்பேன். புகை படாத பக்கத்தில், வீட்டுக்காரர் இருந்த அதே தூரத்தில் ஒரு குத்துவிளக்கு நின்றது. அதன் விளிம்பில் பெட்டியை வைத்து, பிடித்த கூர்மை மாறாமலிருக்கப் பொத்தானை அரைவாசி அமத்திப் பிடித்தபடி கமராவை அவர் பக்கம் திருப்பி எடுத்தேன். முகம் தெளிவாக விழுந்தது. காட்டினேன். அவர் கண்ணைக் கசக்கி, இருமி முடித்துச் சொன்னார்: "உங்கடை கமராவுக்கு என்னைத் தெரியுது அக்கா, எனக்குத்தான் ஐயரைக் காணேல்லை."

வெள்ளைச் சீலை

இந்த வருச முதல்நன்மை கிட்டக் கிட்ட வர, முற்றத்தில் ஒரு வெள்ளைப் படுக்கைச் சீலையைக் கட்டினேன். காலைச் செபம் முடிந்ததும் இவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு முன்னால் இருத்திவிடுவேன். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி ஒன்று, இன்னும் கொஞ்சம் கூட்டி ஒன்று, பெட்டியை அவர் கன்னத்தில் வைத்து ஒன்று. வெள்ளைக்காரனாக்கவும் கூடாது, கரியாக்கவும் கூடாது. நான் கலியாணம் முடித்த மனுசனின் நிறமே வரவேண்டும். ஒவ்வொரு நாளும் பொறுத்துப் பொறுத்து இருந்தவர், கடைசியில் வாய் திறந்தார்: "எடியப்பா, செத்தவீட்டுப் படத்துக்கு என்னை இப்பவே ஆயத்தப்படுத்துறியோ?"

மொட்டை

அந்த நாள் வந்தது. அதே சுவர், முற்றத்தைவிடப் பொல்லாத வெயில். சிலுவை அடையாளம் போட்டு, முற்றத்தில் பழகிய அளவிலேயே முதல் படத்தை எடுத்துப் பார்த்தேன். மாதாவே, போன வருசத்து இருட்டு அப்படியே! "கெதியா அம்மா, பிள்ளையள் பசியில நிக்குதுகள்" என்று பிள்ளைகளைக் கூட்டிவந்த சிஸ்ரர் அவசரப்படுத்தினார். ஆனாலும் நான் அசையவில்லை. சுவர் வெளிறிப்போனால் போகட்டும், முகம் வரட்டும் என்று முடிவெடுத்தேன். நடுவில் நின்ற சிறுமியின் முகத்தில் பெட்டியை வைத்து, முற்றத்தில் பழகியதைவிட ஒருபடி கூடக் கூட்டி எடுத்தேன்.

வந்தது. விழுந்த பல்லும், ஒட்டவெட்டின தலைமயிரும், ஒவ்வொரு வீட்டுக்குமுரிய ஒவ்வொரு கறுப்பும் அப்படி அப்படியே வந்தது. பிள்ளைகளுக்குப் பின்னால் படத்தில் நின்ற பாதர் வந்து, குனிந்து கமராவின் திரையில் கனநேரம் பார்த்தார். நான் மனதுக்குள் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டு நின்றேன். அவர் தலையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தார்: "பிள்ளையள் நல்லா வந்திட்டினம். என்ரை மொட்டைதான் வெள்ளையா எரியுது. வாற வருசம் நீங்கள் எடுக்கேக்கை என்னை நிழலில விடுங்கோ."

கமரா எல்லாரையும் கூட்டிப் பிரித்து ஒரு சராசரிப் பிள்ளையைத் தேடுகிறது, அந்தப் பிள்ளையை நான் இன்னும் ஒரு கோயிலிலும் காணவில்லை.