கலியாணத்துக்குப் போகும் வழியில் ஒரு சிவப்புத் தும்பி

மாமியின் தங்கை மகனுக்குச் சீகிரியா பக்கத்து ஹோட்டல் ஒன்றில் கலியாணம். மாத்தளையிலிருந்து ஒரு வேனில் புறப்பட்டோம். நான், என் கணவர், மாமி, வேனை ஓட்டி வந்த கொழுந்தன். மாமிக்கு எந்த இடத்துக்கும் பிந்திப் போவது பிடிக்காது. விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு உடுத்திக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்தபடி வாசலுக்கு நேராக உட்கார்ந்துவிட்டார். நான் சாரி மடிப்பு சரிசெய்கிற நேரத்துக்குள் மூன்று தடவை என் பெயர் கேட்டது.

என் மடியில் கெமரா இருந்தது. குடும்பப் படங்களை நான்தான் எடுக்க வேண்டும் என்று மாமியின் தங்கை சொல்லியிருந்தார். உண்மையில் எனக்கு மனிதர்களைப் படமெடுத்து அவ்வளவாகப் பழக்கமில்லை. கொழுந்தன் கட்டாரிலிருந்து திரும்பி வந்தபோது தன் பழைய கெமராவை எனக்குத் தந்தான். அதோடு வந்தது மிகச் சிறிய பொருட்களைக் கிட்டத்தில் வைத்து எடுக்கிற லென்ஸ் ஒன்றுதான். பல்லேபொலயில் எங்கள் உம்மா வீட்டுக்குப் பின்னால் வயல். ஒரு நாள் வரப்போரப் புல்லில் இருந்த ஊசித்தும்பி ஒன்றை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலையின் இரு பக்கமும் நீலக் கண்கள், கால்களில் மயிரிழை போல முட்கள். இத்தனை வருடம் அந்த வரப்பில் நடந்தும் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

அதன் பிறகு பாமசியில் மருந்து கொடுக்கிற வேலைக்கு லீவு கிடைக்கிற நாளெல்லாம் வயலும் குளமும்தான். வண்ணத்துப்பூச்சியையும் எடுப்பேன், ஆனால் மனம் போவது தும்பியிடம். எங்களைப் போன்ற பைத்தியங்கள் சேர்ந்த வட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. அதில் எல்லோரும் ஆசைப்படுகிற தும்பிகளில் ஒன்று, செடிகொடி அடர்ந்த பழைய குளங்களில் எப்போதாவது தென்படும் ஒரு சிவப்புத் தும்பி. சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். உடல் இரத்தச் சிவப்பு, பின்னிறகு உடலோடு சேருமிடத்தில் தேன் நிறத் திட்டு. கண்டுபிடித்துவிட்டேன் என்று நம்பி இரண்டு தடவை படம் அனுப்பினேன். இரண்டு தடவையும், இது எல்லா வயலிலும் இருக்கிற சாதாரணச் சிவப்புத் தும்பிதான் என்று பதில் வந்தது.

பூச்சி பார்க்கவா ஆட்கள் லீவு போடுவார்கள் என்பது மாமியின் கேள்வி. என்னிடம் நேராகக் கேட்கமாட்டார். மகனிடம் கேட்பார், எனக்குக் கேட்கும்படியாக.

நாவுல ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பின் டயர் காற்றுப் போனது. கொழுந்தன் வேனை ஓரங்கட்டினான். பாதைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் குளம். பாதித் தண்ணீரை ஆம்பல் மூடியிருந்தது, மீதியில் ஆளுயரத்துக்குப் பன்புல். ஆண்கள் இருவரும் ஜாக்கியை வெளியே எடுக்க, மாமி நேரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நான் கெமராவோடு குளக்கட்டில் ஏறினேன். சும்மா பார்க்கத்தான்.

கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, தண்ணீரில் நட்டிருந்த ஒரு காய்ந்த குச்சியின் நுனியில் அது இருந்தது. கெமராவை உயர்த்திப் பார்த்தேன். இறகின் அடியில் தேன் நிறம். அவசரப்பட்டு எடுத்ததில் படம் கலங்கிவிட்டது. இன்னும் கிட்டப் போக வேண்டும்.

செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டுச் சாரியை இடுப்பில் தூக்கிச் செருகினேன். சேறு முழங்கால்வரை இழுத்தது. டயரை விட்டுவிட்டு ஓடி வந்த என் கணவர் கட்டின் மேல் நின்று பார்த்தார்.

"இப்பவா? இந்தச் சாரியோடயா?" என்றார்.

கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கிப் பிடித்தார்.

குளத்தின் அந்தப் பக்கத்தில் ஒருவர் வயல் உழுகிற லேண்ட்மாஸ்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். கலியாண உடுப்போடு ஒரு பெண் சேற்றில் நிற்பதைப் பார்த்ததும், நகை எதுவோ விழுந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். பாவம், தேடிக் கொடுக்கலாம் என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து வந்தார். தண்ணீர் அலைய, தும்பி பறந்துபோனது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் பின்னால் மாமியின் குரல் கேட்டது. எப்போது வந்தாரோ, குடையைப் பிடித்துக்கொண்டு கட்டின் மேல் நின்றார். அந்த மனிதரிடம் சிங்களத்தில், ஒன்றும் விழவில்லை, மருமகள் ஒரு பத்கூராவைப் படம் எடுக்கிறாள், கொஞ்சம் அசையாமல் நில்லுங்கள் என்றார். பத்கூரா என்றால் தும்பி. அவர் ஒரு முறை மாமியைப் பார்த்தார், ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்களும் அசையாம நில்லுங்க மகள்," என்றார் மாமி என்னிடம். "நான் வந்ததுலருந்து பாக்குறேன். அது எங்க போனாலும் அந்தக் குச்சிக்குத்தான் திரும்பி வருது."

நாங்கள் நாலு பேரும் காத்து நின்றோம். பாதையில் பஸ்கள் போயின. டயர் மாற்றி முடித்த கொழுந்தன் ஹார்ன் அடிக்கப் போனான். மாமி திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி அவனைத் தடுத்தார். நான் குச்சியிலேயே கண் வைத்திருந்தேன். அது வந்தது. குச்சி நுனியில் இறங்கி, இறகுகளை முன்பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தது. இந்த முறை அவசரப்படாமல் எடுத்தேன்.

ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நிக்காஹ் முடிந்து சாப்பாட்டுக்கு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். குளியலறையில் சாரிக் கரையைக் கழுவிக்கொண்டு நான் வெளியே வந்தேன். மாமியின் தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மாமி டயர் கதையைச் சொன்னார். என் கணவரின் காற்சட்டையில் சேறு எப்படி வந்தது என்பதற்கு அந்தக் கதையில் இடமில்லை. மாமி என் கையிலிருந்து கெமராவை வாங்கி, திரையைத் தங்கையின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இதப் பாரு. இது எல்லா இடத்துலயும் கிடைக்காது," என்றார்.

அவர் அதைச் சொன்ன தோரணையில், தங்கை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு பெண் வீட்டாரும் பார்த்தார்கள். மணப்பெண்கூடக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். குடும்பப் படங்களையும் எடுத்தேன். ஆனால் அந்த லென்ஸில் எல்லோரையும் அடக்குவதற்கு மண்டபத்து வாசலுக்கு வெளியே போய் நிற்க வேண்டியிருந்தது.

மறுநாள் பாமசியில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது குழுவிலிருந்து பதில் வந்தது. அதேதான் என்றார்கள், எந்தக் குளம் என்று கேட்டார்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில் மாமிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு, வரும்போது கொத்தமல்லி வாங்கிவரச் சொன்னார்.

இந்த வருடம் மழை விட்டதும் அதே குளத்துக்குப் போனோம். மாமியும் வந்தார், குடையோடு. அந்தத் தும்பி இல்லை. இரண்டு வகை ஊசித்தும்பிகளும், தண்ணீரில் நீந்திய, உடும்பு போன்ற ஒரு கபரகொய்யாவும் கிடைத்தன. மாமி கட்டின் மேல் பாய் விரித்து உட்கார்ந்து, எந்தெந்தக் குச்சியில் எது இருக்கிறது என்று சத்தமில்லாமல் கை நீட்டிக் காட்டினார். திரும்பும் வழியில் ஒரு கடையில் பிளேன்டீயும் பணிசும் சாப்பிட்டுவிட்டு அசர் தொழுகைக்கு முன்பே வீடு வந்து சேர்ந்தோம்.