விடாக்கண்டரின் சிவப்பு அட்டை

பட்டறையில் அவருக்கு விடாக்கண்டர் என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக ஊரில் உள்ளவர்களை எல்லாம் பொத்தானை அமுக்கி மேலே ஏறவைத்துவிட்டு, தான் மட்டும் லீவு போட்டுவிட்டு ஒரு பனிமலையில் நடந்து ஏறப் போவார். மூன்று முறை போய் மூன்று முறையும் மூக்குடைபட்டுத் திரும்பினார். முதல் முறை இருமல், இரண்டாம் முறை காற்று, மூன்றாம் முறை உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கால் பிசகியது. "மலை எங்கயும் ஓடிடாது, உங்களுக்குத்தான் முட்டி தேயுது" என்றாள் மனைவி. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்காம் முறை அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த மச்சானும் லிஃப்ட் மெக்கானிக்தான். பதினொரு வருஷமாக இருவரும் ஒரே ஜோடி. ஒருவர் லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்குவார், மற்றவர் மேலே மோட்டார் அறையில் நிற்பார். இறங்குகிறவர் முதலில் மெயின் ஸ்விட்சில் தன் பெயர் எழுதிய, கொக்கி வைத்த சிவப்பு அட்டையை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அட்டை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். மாட்டியவர் கைதான் அதைக் கழற்ற வேண்டும். முதலாளியே வந்து நின்றாலும் வேறு யாரும் தொடக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் விளையாட மாட்டார்கள்.

உச்சிக்குக் கீழே கடைசிப் பாறையில் மச்சானின் இடது கால் மரத்துப்போனது. மேகம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. புத்தியுள்ளவன் என்றால் அங்கேயே திரும்பியிருப்பான். இவர் திரும்பவில்லை. "ஒரு மணி வரைக்கும் பாரு மாப்ள, நான் வரலைன்னா நீ இறங்கிடு" என்று சொல்லிவிட்டு, கயிறு கட்டப் பாறையில் அடித்திருந்த முளையில் பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்த சிவப்பு அட்டையை மாட்டினார். அதைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள். அவர் தனியாக மேலே ஏறினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இதற்கு மேல் ஏற இடமில்லை என்கிற ஓர் இடத்தில் நின்றார். சுற்றிலும் வெள்ளை. பிறகு இறங்கினார். முளைக்கு வந்தார், அட்டையைக் கழற்றினார், கொக்கி 'டிக்' என்று விடுபட்டது. கூடாரத்துக்கு வந்தபோது மச்சான் இல்லை. கீழ்முகாமுக்குப் போயிருப்பான் என்று நினைத்து வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். அந்த உயரத்தில் மூளைக்குக் காற்று பற்றாது என்பார்கள். அன்று அவருக்கு எல்லாம் தெளிவாக இருப்பதாகத்தான் தோன்றியது.

பொழுது சாய்கிற நேரத்தில் வேறொரு குழுவினர் மச்சானைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். காற்றுக்குப் பயந்து முளைக்குப் பக்கத்துப் பாறையின் மறைவில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது, நான்கும் ஆனது. அவன் நகரவில்லை. மேகத்தில் யார் இறங்கிப் போனதும் தெரியவில்லை, எட்டிப் பார்த்தபோதெல்லாம் அட்டை தொங்கிக்கொண்டே இருந்ததாம். பனியில் விறைத்து இடது காலில் நான்கு விரல்கள் போயின.

"நீங்க கழட்டினீங்களா இல்லையா?" என்று ஊர் திரும்பியதும் மனைவி கேட்டாள். அழுதபடி ஒரு முறை, சோற்றைப் போட்டபடி ஒரு முறை, விளக்கை அணைப்பதற்கு முன் ஒரு முறை.

"கழட்டினேன். சத்தம் இன்னும் காதுல இருக்கு."

"அப்ப என் தம்பி பொய் சொல்றானா?"

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. இவரும் இல்லை. அவர் எல்லாப் பைகளையும் உதறிப் பார்த்தார், கோட்டின் உள்தையலைக் கூடப் பிரித்துப் பார்த்தார். அட்டை இல்லை. பட்டறையில் உச்சியைத் தொட்டதற்காக மாலை போடலாமா என்று கேட்டார்கள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மச்சான் இனி தன்னோடு வேலைக்கு வருவானா? அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. உச்சி எக்கேடோ கெட்டுப் போகட்டும்.

ஆஸ்பத்திரியில் மச்சான் கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டான்.

"கழட்டினது நல்லா ஞாபகம் இருக்கா மாமா?"

"கண்ணு முன்னாடி நிக்குது மாப்ள. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நகத்துல கிரீஸ்..."

"கையுறை?"

அந்தக் குளிரில் வெறுங்கையா? மலையில் ஏது கிரீஸ்? அது மோட்டார் அறை. ஆயிரம் முறை கழற்றிய கை. அதில் ஏதோ ஒரு முறையை எடுத்து மலைமேல் ஒட்டவைத்திருக்கிறது அவர் மண்டை. அப்படியானால் அந்த ஏற இடமில்லாத இடம்? அதுவும் ஏதாவது மொட்டைமாடியா? அவருக்குத் தெரியவில்லை.

"அவங்க என்னைத் தூக்கினப்ப அட்டையை எடுக்கப் பார்த்தாங்க. தொடாதீங்க, ஆள் உள்ள இருக்காருன்னு கத்தினேன்" என்றான் மச்சான். "இன்னும் அங்கதான் தொங்குது மாமா."

அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான்கு மாதம் கழித்து, ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. தனியாகத்தான் செய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு படியேறினால், மோட்டார் அறையில் மச்சான் கைத்தடியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவர் புது அட்டையை மாட்டிவிட்டு இறங்கினார். ரோலரை மாற்றினார், ஏறி வந்தார், அட்டையில் கை வைத்தார். கொக்கி 'டிக்' என்றது.

"எடுத்துட்டேன் மாப்ள."

முன்பெல்லாம் அந்த ஒரு வார்த்தை போதும், மச்சான் ஸ்விட்சைப் போட்டுவிடுவான். இன்று அவன் கை ஸ்விட்ச் பக்கம் போகவில்லை.

"காட்டுங்க" என்றான்.

காட்டுவதற்கு முன்னால், அவரே ஒரு முறை தன் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.