தடைக்காலத்தில் ஒரு வைவா

போன வாரம் கும்பகோணத்தில், அக்கா மகளோடு ஒரு ஜெராக்ஸ் கடையில் அரை நாள் நிற்க வேண்டி வந்தது. அவள் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். புராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங் செய்து மறுநாள் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். கடைக்குள் கால் வைத்ததுமே சூடான பசையும் புதுக் காலிகோ துணியும் ஓயாமல் ஓடுகிற மெஷினின் கருகலும் கலந்து ஒரு வாடை முகத்தில் அடித்தது. நான் ஒரு எட்டு பின்வாங்கிவிட்டேன். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பஸ் ஸ்டாண்டு சாக்கடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நிம்மதியாக போண்டா தின்கிற ஆள்தான் நான். ஆனால் இந்த பைண்டிங் வாடை மட்டும் எனக்கு ஆகாது.

மேசையில் ரிப்போர்ட்டுகள் அடுக்கியிருந்தன. கறுப்பு அட்டை, தங்க எழுத்து. வேறு வேறு கல்லூரிகளின் பெயர்கள், தலைப்பு மட்டும் ஒன்றேதான். கடைக்காரர் என் அக்கா மகளைப் பார்த்து, "காப்பி பர்சன்டேஜ் கொறைக்கணுமா பாப்பா? அதுவும் நம்மகிட்டயே பண்ணிக்கலாம்" என்றார். காப்பியடித்தது சோதனையில் சிக்காதபடி மாற்றித் தருவதைத்தான், இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்று கேட்பதுபோல அத்தனை சாதாரணமாகக் கேட்டார். பட்டம் வாங்க இப்போது என்னென்ன வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். செல்போனைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தாள். இத்தனை கிரெடிட், இன்டர்ன்ஷிப் சான்றிதழ், ஆன்லைன் கோர்ஸ் சான்றிதழ், ஏதோ கருத்தரங்கில் கட்டுரை படித்ததற்குச் சான்றிதழ். இதில் எங்கேயாவது புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதா என்றேன். பாவம் மாமாவுக்கு வயதாகிவிட்டது என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

எங்கள் காலம் யோக்கியமானது என்று நான் சொல்லப்போவதில்லை. எங்கள் கல்லூரி தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், வயல்களைத் தூர்த்துக் கட்டியது. முப்போகம் விளைந்த நஞ்சையில் லாரி லாரியாகச் செம்மண் அடித்து, அதன்மேல் கண்ணாடி வைத்த கட்டடம். மழைக்காலத்தில் வாய்க்காலுக்குத் தன் பழைய பாதை ஞாபகம் வந்துவிடும். தவளைகள் வகுப்புக்குள் வரும். அவற்றின் வருகைப்பதிவு எங்களுடையதைவிட நன்றாகவே இருந்தது. நான் குத்தாலத்துக்காரன். என்னைச் சேர்த்துவிட வந்த அப்பா அந்தச் செம்மண்ணைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, எந்தப் பாவி இந்த நிலத்தை விற்றான் என்று கேட்டார். அவருக்கு அட்மிஷனில் அதற்குமேல் எந்தச் சந்தேகமும் இல்லை.

கல்லூரியிலேயே ஏசி போட்ட இடம் கம்ப்யூட்டர் லேப் ஒன்றுதான். அதுவும் மெஷின்களுக்காக. ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அறுபது பேரின் ஈர சாக்ஸ், மூடிய கதவு, வெளியே போக வழியில்லாத காற்று. லிங்க்டு லிஸ்ட் என்ற பாடத்தின் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு மூக்கில்தான் ஞாபகம் வருகிறது. அந்த லேப்பில் செய்ததை ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். எழுத வேண்டும் என்றால் சீனியரின் நோட்டைப் பார்த்து எழுத வேண்டும். அவர் தன் சீனியரைப் பார்த்து எழுதியிருப்பார். அதனால் எங்கள் எல்லோருடைய நோட்டிலும், மதிப்பெண் பட்டியல் போடுகிற புரோகிராமில், முருகானந்தம் என்ற மாணவரே முதல் மதிப்பெண் எடுத்துக்கொண்டிருந்தார். யார் அவர், எந்த வருஷத்துக்காரர், யாருக்கும் தெரியாது. லேப் மேடம் ஸ்கேலை வைத்து மார்ஜினை அளந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். முருகானந்தத்தைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

நான்காம் வருஷம் புராஜெக்ட். அதற்கு ஒரு கம்பெனியிடமிருந்து கடிதம் வேண்டும், அந்தக் கம்பெனிக்காக நாம் ஏதாவது செய்திருக்க வேண்டும். விதி அதுதான். தஞ்சாவூரில் ஒரு மாடியில் புராஜெக்ட் சென்டர் இருந்தது. புராஜெக்ட், கம்பெனி, கடிதம், பைண்டிங் நான்கும் ஒரே மேசையில் கிடைக்கும். எங்கள் மூன்று பேருக்கு நூலக நிர்வாகம் என்ற புராஜெக்ட் வந்து வாய்த்தது. நான் கல்லூரி நூலகத்துக்குள் மொத்தமாக இரண்டு தடவை போயிருப்பேன், இரண்டும் மின்விசிறிக்காக.

வகுப்பில் சொந்தமாகச் செய்தவள் விஜயராணி ஒருத்தி. விஜி என்போம். வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கடற்கரைக் குப்பம். அவள் அப்பா போட்டில் கடலுக்குப் போகிறவர். விஜி அதிகம் பேச மாட்டாள், ஆனால் லேப்பில் அவள் விரல் ஓடுகிற சத்தம் தனியாகக் கேட்கும். எங்கள் செட்டில் சென்னை கம்பெனி ஒன்று வேலைக்கு எடுத்துக்கொண்ட சிலரில் அவளும் உண்டு. நிபந்தனை ஒன்றுதான், எல்லாப் பாடத்திலும் அந்த வருஷமே பாஸாக வேண்டும். அவளுடைய குப்பத்தில் அதுவரை யாரும் அப்படி ஒரு வேலைக்குப் போனதில்லை.

அவள் செய்த புரோகிராம் இதுதான். காற்று கிளம்பினால் அவள் ஊரில் பெண்கள் எல்லோரும் கரைக்கு ஓடிவந்து விடுவார்களாம். எந்தப் போட்டு வந்தது, எது வரவில்லை என்று ஆளுக்கு ஆள் கத்திக் கேட்பார்கள். ஒருத்தி வந்துவிட்டது என்பாள், இன்னொருத்தி அது வேறு போட்டு என்பாள். விஜி போட்டுகளின் பெயர்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். கடலுக்குப் போன போட்டுகள் திரையில் இருக்கும். ஒன்று கரையேறினால் அதன் பெயர் போய்விடும். வராதவை மட்டும் நிற்கும். மீனவர் சங்கக் கட்டடத்தில் யாரோ கொடுத்துவிட்டுப் போன ஒரு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. கார்த்திகை மாதத்தில் ஒருநாள் காற்று திரும்பியபோது அதில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். கடைசியாக நின்றது அவள் அப்பாவின் போட்டுதான். எழுதப் படிக்கத் தெரியாத அவள் அம்மா, அந்த ஒற்றை வரி போகும்வரை திரையையே பார்த்துக்கொண்டு நின்றாராம். இதை விஜி லேப் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, எங்கள் நூலக நிர்வாகத்தை நினைத்து.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பல்கலைக்கழக விதியிலும் அது இல்லை. வெளியிலிருந்து எக்ஸ்டர்னலாக வருகிற பேராசிரியரை ஊர்ச் சிறப்புகளால் குளிப்பாட்ட வேண்டும். துறைத் தலைவர், அதாவது ஹெச்.ஓ.டி., ஒரு மாதம் முன்பே ஊர்வாரியாகப் பிரித்துக் கொடுப்பார். குத்தாலத்துக்காரனான எனக்குப் பழைய பொன்னி அரிசி. கும்பகோணத்துக்காரர்களுக்குக் காப்பித்தூளும் கொழுந்து வெற்றிலையும் பித்தளைச் சாமானும். வேதாரண்யம் என்றால் வேறென்ன, மீன். அதுவும் கொடுவாவாக, பெரியதாக. நானும் அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து கொண்டுபோனவன்தான். அப்போது அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை.

எங்கள் வைவா வந்தது சித்திரையில். அதற்கு ஒரு வாரம் முன்பு விஜி ஹெச்.ஓ.டி. அறைக்குப் போய், மீன் கொண்டுவர முடியாது என்று சொன்னாள். நான் அப்போது அரிசியை எங்கே இறக்குவது என்று கேட்க அங்கே நின்றிருந்தேன்.

"தடைக்காலம் சார். மீன் முட்டை வைக்கிற நேரம். போட்டு கடலுக்குப் போவாது."

ஹெச்.ஓ.டி. சிரித்தார். "வேதாரண்யத்துல மீன் இல்லன்னா வேற எங்கம்மா இருக்கும்? கொண்டுவர இஷ்டம் இல்லன்னு சொல்லேன்."

வருஷா வருஷம் சித்திரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மாதம் அரசாங்க உத்தரவில் போட்டுகள் கரையில் கட்டிக் கிடக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஏன், எனக்கே தெரியாது. கடலிலிருந்து ஒன்றிரண்டு மணி நேர பஸ் தூரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆற்றில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வோம். கடலுக்கு ஒரு பருவம் உண்டு என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. விஜி வெளியே வந்துவிட்டாள். ஊரில் அவள் அம்மா கேட்டுவிட்டுப் பதறிப்போய், வாத்தியார் கேட்டதை இல்லையென்பதா என்று, வீட்டில் இருந்த நல்ல வஞ்சிரக் கருவாடாகப் பொறுக்கி, துணிப்பையில் கட்டிக் கொடுத்தனுப்பினார். அதைத்தான் வைவா அன்று விஜி கொண்டுவந்தாள். ஏசி லேப்பில், மூடிய கதவுக்குள், கருவாட்டுப் பை. ஹெச்.ஓ.டி.யின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறாள் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். எங்கள் சாக்ஸ் நாற்றத்தில் நான்கு வருஷம் உட்கார்ந்திருந்த மனிதர், கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

வைவா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் தொடர்ந்தது. மீனுக்குப் பதிலாகக் கோழி வரவழைத்திருந்தார்கள். எக்ஸ்டர்னல் எண்ணெய் மினுங்கும் விரலாலேயே ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். எங்கள் மூன்று பேரிடம் நூலகத்தில் எத்தனை புத்தகம் என்று கேட்டார். மூவரும் மூன்று பதில் சொன்னோம். போங்கள் என்றார். அடுத்து நின்ற கும்பகோணத்துப் பையனிடம் கம்பெனிக் கடிதமே இல்லை. அவன் மாமாவின் பாத்திரக் கடை லெட்டர்பேடில் நான்கு வரி எழுதி வாங்கியிருந்தான். மேசைக்கு அடியில் அதே கடையின் குத்துவிளக்கு காகிதம் சுற்றிய அட்டைப் பெட்டியில் இருந்தது. பாத்திரக் கடையும் கம்பெனிதானே என்று ஹெச்.ஓ.டி.யே எடுத்துக் கொடுத்தார்.

விஜியின் முறை வந்தது. அவள் ஓட்டிக் காட்டினாள். இருபது பெயர் திரையில் வந்தன. ஒவ்வொன்றாகக் கரையேற்றினாள். கடைசிப் பெயரும் போய், திரை காலியாக நின்றது. எக்ஸ்டர்னல் பல்லைக் குத்திக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, அவுட்புட் ஒண்ணும் வரலையே?"

"எல்லாரும் கரைக்கு வந்துட்டாங்க சார்," என்றாள் விஜி.

அவர் ஹெச்.ஓ.டி.யைப் பார்த்தார். ஹெச்.ஓ.டி. கடிதத்தை எடுத்து நீட்டினார். சங்கத் தலைவர் தன் கைப்படத் தமிழில் எழுதி, சீல் வைத்த கடிதம். இந்தப் பெண் செய்தது எங்களுக்கு உதவியது என்று அதில் இருந்தது. "மீனவர் சங்கமெல்லாம் கம்பெனி ஆகுமா சார்?" என்று கேட்டார் ஹெச்.ஓ.டி. ஆகாது என்றார் எக்ஸ்டர்னல். விதிப்படி அவர் சொன்னது சரிதான். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவர்கள் அயோக்கியத்தனத்துக்கு ஒரு விதியும் துணைக்கு வந்து நின்றது.

விஜி ஃபெயில். அடுத்த வருஷம் திரும்பச் செய்ய வேண்டும். சென்னை வேலை கையைவிட்டுப் போனது. அன்று சாயங்காலம் நாங்கள் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது அட்டெண்டர் எக்ஸ்டர்னலின் காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அரிசி, காப்பித்தூள், குத்துவிளக்கு. ஹெச்.ஓ.டி.யின் ஸ்கூட்டர் கொக்கியில் அந்தத் துணிப்பை தொங்கியது. கருவாட்டை அவர் வீட்டுக்கு எடுத்துப் போனார். சீ என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது. விஜியும் பார்த்தாள். பையைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் நின்ற பெண் சொன்னதற்கு, அம்மா ஆசையாகக் கொடுத்தனுப்பியது, யாராவது சாப்பிட்டால் சரி என்றாள்.

மறுவருஷம் அவள் தஞ்சாவூர் மாடிக்குப் போய், மருத்துவமனை நிர்வாகம் என்ற கறுப்பு அட்டைப் புத்தகத்தோடு வந்து, நல்ல மதிப்பெண்ணில் பாஸாகிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம்.

இப்போது அந்தக் கல்லூரி இல்லை. பிள்ளைகள் சேராமல் மூடிவிட்டார்கள். கண்ணாடிகளைக் கழற்றி விற்றாயிற்று, லேப் மெஷின்கள் எடைக்குப் போயின. ஹெச்.ஓ.டி. வேறெங்கோ முதல்வராக இருப்பதாகச் சொன்னார்கள், நான் விசாரிக்கவில்லை. ஜெராக்ஸ் கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் மனசு கேட்காமல் விஜிக்கு போன் செய்தேன். நாகப்பட்டினத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்கிறாள். அந்தப் புரோகிராம் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டேன். சங்கத்து கம்ப்யூட்டர் உப்புக்காற்றில் எப்போதோ செத்துவிட்டதாம். இன்னொரு பிரதி இருந்தது கல்லூரி லேப்பில்தான். இப்போது போட்டுக்குப் போட்டு செல்போன் இருக்கிறது, அது யாருக்கும் தேவைப்படாது என்று சிரித்தாள். வேறு ஏதாவது எழுதினாயா என்றேன்.

"இல்லப்பா. அதுக்கப்புறம் நான் எதுவும் எழுதல."