மட்டையின் முகத்தில் ஒரு வளைவு

அரம் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வலது கை தள்ள, இடது கைக் கட்டைவிரல் அரத்தின் நுனியை அமுக்கிப் பிடித்திருந்தது. நாலு தள்ளு, ஒரு தடவல். விரல் மரத்தின்மேல் ஓடி ஓரத்தில் லேசாக இறங்கியது. போதாது. மறுபடி நாலு தள்ளு. பல்லைக் கடித்தபடிதான் அத்தனையும் நடந்தது.

நெருப்பெரிச்சல் ரோட்டில் மரக்கடைசல் பட்டறை வைத்திருந்த கைருதீனின் கைகள் அவை. பிறந்தது கணியூர். திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனிகள் வீசியெறிந்த நூல் பாபின்களைப் பொறுக்கி அறுத்துப் பார்த்தே தொழில் பழகியவர். எந்த மரம் கைக்கு வந்தாலும் இரும்பு மட்டக்கோலை மேலே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். கோலுக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் அந்த மரத்தில் தப்பு இருக்கிறது. பதினெட்டு வருஷமாக அவருக்கு அதுதான் சட்டம். 1966-ல் அந்தச் சட்டமே அவரைக் கவிழ்த்தது.

ஒன்பது வருஷமாக அவரிடம் பாபின் வாங்கிய கம்பெனி முதலாளி மருதாசலம், பம்பாய் வியாபாரிகளோடு ஊட்டிக்குப் போய் கோல்ஃப் ஆடப் பழகியிருந்தார். லண்டனிலிருந்து வரவழைத்த மட்டை ஒன்று வைத்திருந்தார். நீளக் கம்பு, அதன் முனையில் கைமுட்டி அளவு மரத்தலை, பந்தில் படுகிற பக்கம் அதன் முகம். கம்பும் தலையும் சேருகிற கழுத்தில் சுற்றியிருந்த நூல் பிரிந்துபோனதால் கட்டித் தரச் சொல்லி அனுப்பினார்.

கைருதீன் நூலைக் கட்டினார். அதோடு விட்டிருக்கலாம். வழக்கம்போல முகத்தின்மேல் மட்டக்கோலை வைத்தார். நடுவில் உட்கார்ந்த கோல் இரண்டு பக்கமும் ஆடியது. ஓரங்களில் பென்சிலில் பாதி கனத்துக்கு இடைவெளி. மலை மழையில் மரம் ஊதிவிட்டது என்று முடிவுகட்டி, முகத்தைத் தட்டையாக இழைத்து, கூலி கேட்காமல் திருப்பி அனுப்பினார்.

எட்டு நாள் கழித்து கம்பெனிக்குப் போனபோது, நூல் சுற்றும் கூடத்தில் இருபது பேர் முன்னால் மருதாசலம் மட்டையை நீட்டினார். "சீமை மரத்தை எடுத்துட்டு எந்த மரத்தைடா வச்சே?"

அதுநாள் வரைக்கும் 'வாங்க பாய்' என்று கூப்பிட்ட வாய் அது.

"நூல் கட்டினேன், முகத்தை மட்டம் பண்ணினேன். அதுக்கு மேல ஒண்ணுமில்லீங்க."

"முன்ன நேராப் போச்சு. இப்ப அடிச்சா இடது பக்கம் ஓடிப் போய்க் காட்டுல விழுது. மரம் மாறாம எப்படி மாறும்? திருடீட்டு மட்டம்ங்கறான்."

சுற்றிக்கொண்டிருந்த கைகள் நின்றன. கடைசி எந்திரத்தில் இருந்த ரங்காத்தாள் எழுந்தே பார்த்தாள். கைருதீனின் காது சுட்டது. "அடிச்சுக் காட்டுங்க" என்றார்.

கம்பெனிக்குப் பின்னால் இருந்த தரிசில் மருதாசலம் நின்றார். கைருதீன் மட்டையின் முகத்தில் சாக்கட்டியைத் தேய்த்துக் கொடுத்தார். பந்து நேராகக் கிளம்பி, பாதியில் இடதுபக்கம் வளைந்து, கிளுவை வேலிக்குள் விழுந்தது. சாக்கட்டி அழிந்திருந்தது நடுவில் அல்ல, ஆடுகிறவருக்கு எட்டத்தில் இருக்கிற வெளி ஓரத்தில்.

"நடுவுல படலீங்களே."

"எனக்கு எப்பவும் அங்கதான் படும். முன்ன நேராப் போச்சில்ல?"

பார்த்துத் தருகிறேன் என்று மட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், அது சீமை மரம்தான் என்று காட்டுவதற்கு இழைத்த சீவலைத் தேடினார். "அதுலதான் அன்னைக்குச் சோறு ஆக்குனேன்" என்றாள் மனைவி நசீமா. "சந்தனம்னா எடுத்து வச்சிருப்பேன்." உளியை வீசப்போனவர் தன்னையே திட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

முதலாளி சொன்னது காதை விட்டுப் போகவில்லை. ஓரத்தில் பட்ட பந்து முன்பு எப்படி நேராகப் போனது? கடைசல் எந்திரத்தின் இரண்டு பல்சக்கரங்களைக் கையால் சுற்றினார். ஒன்று இப்படிச் சுற்றினால் மற்றது அப்படிச் சுற்றுகிறது. மட்டையும் பந்தும் அப்படித்தான். வெளி ஓரத்தில் பந்து மோதினால் அந்த ஓரம் பின்னால் தள்ளப்பட்டு மரத்தலை திரும்புகிறது. அந்தக் கணம் முகத்தோடு ஒட்டியிருக்கும் பந்து எதிர்த்திசையில் சுழல்கிறது. அந்தச் சுழற்சிதான் பந்தை இடதுபக்கம் இழுக்கிறது. முகம் வளைந்திருந்தால், வெளி ஓரம் கொஞ்சம் வலதுபக்கம் பார்க்கும். பந்து வலதுபக்கம் கிளம்பும், சுழற்சி அதை நடுவுக்கு இழுத்துவரும்.

மரம் ஊதவே இல்லை. ஆடுகிறவனுக்குக் குறி தவறும் என்று தெரிந்த எவனோ அந்தத் தவறுக்கென்றே வைத்த வளைவு அது. அதைத்தான் இவர் சீவி எறிந்திருக்கிறார். "கேட்டியாடா? ஒரு வார்த்தை கேட்டியா?" என்று மட்டக்கோலைப் பார்த்துக் கத்தினார். திருடன் என்று சொன்னவர்மேல் இருந்த ஆத்திரம் அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

இழந்த நடுவைத் திருப்ப முடியாது, ஓரங்களை இறக்கலாம். அந்தப் பாதிப் பென்சில் கனம் கண்ணில் இருந்தது. நாலு தள்ளு, ஒரு தடவல் என்று மூன்று நாள் அரம் போட்டார். மரம் போன அளவுக்கு எடை குறையாமலிருக்க, அடிப்பக்கத்துப் பித்தளைத் தகட்டைக் கழற்றி ஈயம் ஊற்றினார்.

மறுபடி தரிசு, மறுபடி சாக்கட்டி. வெளி ஓரத்தில்தான் பட்டது. பந்து வலதுபக்கப் பனைமரத்தைப் பார்த்துக் கிளம்பி, வளைந்து, நடுவில் வந்து விழுந்தது. மருதாசலம் சிரித்தார். "அட, அதே மட்டைதான்! குடுத்துட்டுப் போ பாய்."

"இன்னும் வார்னிஷ் அடிக்கலீங்க." கைருதீன் அவர் கையிலிருந்து மட்டையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

இரண்டு நாள் கழித்து அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நூல் சுற்றும் கூடத்துக்கே வந்தார். மருதாசலம் கை நீட்டினார். கைருதீன் கொடுக்கவில்லை.

"முகத்தை இழைச்சது என் தப்புங்க. கேக்காமச் செஞ்சேன். அதை எல்லார் முன்னாலயும் சொல்றேன். நீங்க சொன்னதையும் இங்கயே மாத்திச் சொல்லுங்க."

"அதான் சரியாயிருச்சே, பாய்."

"மட்டை சரியாயிருச்சுங்க."

மருதாசலம் கூடத்தைப் பார்த்தார். ஒரு கையும் ஓடவில்லை. "மரத்தை மாத்தலே" என்றார் மெதுவாக.

"கடைசி எந்திரத்துக்குக் கேக்கலீங்க."

"பாய் மரத்தை மாத்தலே! நாஞ் சொன்னதுதான் தப்பு! போதுமா?"

ரங்காத்தாள் உட்கார்ந்து நூலை எடுத்தாள். கைருதீன் துணியைப் பிரித்து, முகத்தை ஒருதரம் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, பிடியை முன்னால் நீட்டி மட்டையைக் கொடுத்தார்.