மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல்

அந்த ஜன்னலை வைத்தவன் நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை.

அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா, சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் இருபத்தேழு வருஷம் ஷிப்ட் பார்த்தவர். நெஞ்சு முழுக்கக் கல்தூசு என்று டாக்டர் சொன்னபின், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டின லைன் வீட்டோடு முடங்கிவிட்டார். ஒரே அறை, மேலே ஷீட் கூரை. தொண்ணூறுகளில் வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது. பங்குனியிலும் போர்த்திக்கொண்டு படுத்த ஊர் இது. மத்தியானமானால் மாமா வாசற்படியில் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விடுவார். பார்க்கச் சகிக்காது.

நான் சுரங்கத்துப் பக்கம் இல்லாமல் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அங்கேயே கட்டடப் பிரிவில் டிராயிங் போடுகிற வேலை. பெங்களூரில் இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். பூமி சூடாகிறது, கட்டுகிறவர்கள்தான் முதலில் மாறணும், எதிரெதிரே ஜன்னல் வைத்துக் காற்றை உள்ளே விடுங்கள், கூரைக்கு வெள்ளையடியுங்கள் என்றார்கள். எனக்கு உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை. வந்ததும் ஷீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். வாசலுக்கு நேர் எதிரே, மேற்குச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தேன். லைனில் ஒரு வீட்டுக்கும் அந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது. கட்டின வெள்ளைக்காரனுக்கு இன்னா தெரியும், கஞ்சப்பயல் என்று மேஸ்திரியிடம் பெரிய மேதாவி மாதிரி அளந்தேன். அவர் வெளியூர், பேத்தமங்களாக்காரர், தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். அக்காதான், அந்தப் பக்கம் சயனைடு மேடு இருக்கேடா என்று இழுத்தாள். தங்கம் எடுத்தபின் கொட்டின மண், வீட்டைவிட உயரம். தை மாசத்தில் என்றுமில்லாத மழை பெய்து மேடு இறுகிக் கிடந்தது. இதெங்கே பறக்கப்போகுது என்று சிரித்தேன்.

இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தது. மாமா மத்தியானத்தில் தூங்கினார். அக்கா எனக்குக் கறிக்குழம்பு வைத்துப் போட்டாள்.

பிறகு மேடு காய்ந்தது. பங்குனிக் காற்றில் மாவு மாதிரி எழும்பி நேராக ஜன்னலுக்குள் வந்தது. சோற்றில், தண்ணீரில், மாமாவின் உதட்டில் வெள்ளைத் தூசு. கீழே அவர் உடைத்த அதே கல்! இருமல் நிற்கவேயில்லை. மூடினால் அறை அடுப்பு, திறந்தால் தூசு. ஈரச் சாக்கு தொங்கவிடலாம் என்றால் குழாயில் தண்ணீர் வருவதே நாலு நாளைக்கு ஒருதரம்.

கடைசியில் அடைத்துவிடச் சொன்னாள் அக்கா. நானே செங்கல் வைத்துப் பூசினேன். கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமா, கோபமே இல்லாமல் கேட்டார்.

"மச்சான், சுரங்கத்துல கீழ லெவல் வெந்துச்சின்னா மேலருந்து குளுந்த காத்து அனுப்புவாங்க. இப்ப நான் மேலதான கீறேன். எனக்கு எங்கருந்து அனுப்புவாங்க?"

பூச்சுக் கரண்டியைப் போட்டுவிட்டு விசிறியை எடுத்தேன். நானும் அக்காவும் மாற்றி மாற்றி விசிறினோம், மழை வந்துவிட்டால் போதும் என்று. அந்த வருஷம் மழை ஆடியில்தான் வந்தது. மாமா ஆனியிலேயே போய்விட்டார்.