ரேழியில் வைத்த மீன்தொட்டி

பல் டாக்டர் கூப்பிடும்வரை பொழுது போகட்டுமே என்று, ராஜா அண்ணாமலைபுரத்து கிளினிக்கில் மீன்தொட்டிக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கவே கூடாது. உள்ளே இருந்த செடி அத்தனையும் பிளாஸ்டிக். ஊதா, ரோஸ், கிளிப்பச்சை. சீ, இதையெல்லாம் காசு கொடுத்து வாங்குகிறார்களே! அங்கே வேலை செய்கிற பெண் தீனி போட மூடியைத் திறந்தாள். ஈர மணலும் பாசியும் கலந்த அந்த வாசனை குப்பென்று வந்தது. பல்வலி எங்கேயோ போய்விட்டது.

எழுபதுகளில் நாங்கள் மயிலாப்பூரில் மாடவீதியை ஒட்டிய சந்து ஒன்றில் குடியிருந்தோம். நான் தி. நகரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். விரல் மரத்துப்போகத் தட்ட வேண்டும். ஆனாலும் ஆபீஸ் போவதென்றால் எனக்குக் கொள்ளை ஆசை. வீட்டில் இருக்க வேண்டாமே, அதுதான் காரணம். என் அக்கா வசந்தா, பூனாவில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்திருந்தாள். முழங்கைக்குக் கீழே ஒரு சூட்டுத் தழும்பு. "பால் கொட்டிடுத்து" என்றாள். பால் கொட்டினால் கரண்டி மாதிரியா தழும்பு விழும்? அப்பாவுக்கு என்ன, கண்ணா தெரியாது! யாராவது விசாரித்தால், "உடம்பு சரியில்லே, தேறினதும் போயிடுவா" என்பார். தை பிறந்ததும் கொண்டுபோய் விடுவதாக அவரே பேசி முடித்தும்விட்டார். "நான் போகமாட்டேம்ப்பா" என்று அக்கா ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்கப்புறம் எதற்குமே வாய் திறப்பதில்லை. குளிப்பாள், சாப்பிடுவாள், ஜன்னலோரம் உட்காருவாள்.

ஒருநாள் அவளை வலுக்கட்டாயமாகப் பாண்டிபஜாருக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரு ஜவுளிக்கடைக்குள் மீன்தொட்டி வைத்திருந்தார்கள். அதன் முன்னால் நின்றவள் நின்றவள்தான். கடைக்காரர் புடவையைப் பிரித்துப் பிரித்துப் போட்டு ஓய்ந்துபோனார். "நாமளும் ஒண்ணு வெக்கலாமாடீ?" என்றாள். அவள் வாயைத் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்டு எத்தனை மாசம்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பாவிடம் நான்தான் கேட்டேன். தாம்தூம் என்று குதிப்பார் என்று பார்த்தால், "கண்ணாலே பாக்கறதுக்குத்தானே? இருந்துட்டுப் போறது. ஆனா மீன்னு வாய்விட்டுச் சொல்லப்படாது" என்று விட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'அது'. "அதுக்கு ஆகாரம் போட்டாச்சா?" என்று அம்மாகூடக் கேட்பாள். அது தின்றது புழு என்பதை மட்டும் நாங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை.

இப்போது மாதிரி கடையில் போய்த் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற காலமா அது? மந்தைவெளியில் ஒரு பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி பதித்து, ஒழுகாமலிருக்க ஓரமெல்லாம் புட்டி பூசித் தந்தார்கள். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் ரேழியில் வைத்தோம். முதல் நாளே ஒழுகி, ரேழியெல்லாம் வெள்ளம். மறுபடி புட்டி, மறுபடி ஒழுகல். அதற்குள் அக்கா ஆற்றுமணலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவினாள், கழுவினாள், அப்படிக் கழுவினாள். "போறும்டீ, மணல் கரைஞ்சுடப் போறது" என்று நான் சொன்னதற்கு, முதல் தடவையாக என்மேல் தண்ணீரை வாரி அடித்தாள்.

மீன் வாங்க மூர்மார்க்கெட் போனோம். விற்றவர் கறாரான ஆள். "கொயா தண்ணில ஒடனே வுட்டுறாதம்மா. கார்ப்பரேசன்காரன் போடற மருந்து கீது அதுல, மீனு செத்துப்பூடும். ரெண்டு நாளு சும்மா வெச்சிட்டு அப்பால வுடு" என்றார். வேலம்பாசியும், நாடா போல நீளமாக ஒரு செடியும் தந்தார். கப்பி என்கிற சின்ன மீன்தான் வாங்கினோம். "குட்டி போடும். ஆனா பெத்ததே துன்னுடும். செடி நெறைய வெச்சீன்னா ஒளிஞ்சி பொயச்சிக்கும்" என்றார். "பெத்ததேவா?" என்று கேட்டுவிட்டு அக்கா இன்னும் ஒரு கட்டுச் செடி வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் கண்டக்டர் மீன் இருந்த பாட்டிலைப் பார்த்து, "இன்னாம்மா, கொயம்புக்கா?" என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே!

குட்டிகள் பிறந்தன. செடிக்குள் ஒளிந்து பிழைக்கவும் செய்தன. மூர்மார்க்கெட்காரர் வளர்ந்த குட்டிகளைத் தானே விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அக்கா இன்னொரு தொட்டிக்கு ரேழியை முழம் போட்டு அளந்தாள். "இதைப் பண்ணிண்டு இங்கேயே இருந்துடுவேன்டீ" என்றாள். மார்கழியில் அப்பா பூனாவுக்கு டிக்கெட் என்று பேச்செடுத்தபோது, தலையை நிமிர்த்தி, "நான் போகலேப்பா" என்றாள். அப்பா பஞ்சாங்கத்தை மூடி வைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன், முட்டாள்.

அந்த மாசமே சந்திர கிரகணம் வந்தது. எங்கள் வீடுகளில் கிரகணம் பிடிக்குமுன் ஊறுகாய், பால், தயிர் எல்லாவற்றிலும் தர்ப்பைப்புல் போட்டு வைப்பார்கள். தோஷம் தட்டாதாம். பிடித்து வைத்த தண்ணீரை மட்டும் கிரகணம் விட்டதும் கொட்டிவிட வேண்டும். அக்கா தொட்டியிலும் ஒரு தர்ப்பையைக் கிள்ளிப் போட்டாள். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் காலை நாங்கள் கபாலி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினால், ரேழியில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நெற்றி வியர்க்க நிற்கிறார். தொட்டித் தண்ணீர் முழுக்க முற்றத்தில். செடிகளைப் பிடுங்கிக் கொல்லையில் எறிந்திருந்தார். மணலை அலசி, கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, அப்போதுதான் குழாயிலிருந்து பிடித்த தண்ணீரை நிரப்பி, மீன்களைத் தன் கையாலேயே திரும்ப விட்டிருந்தார். மீனைத் தொட்டதற்காக இன்னொரு குளியல் வேறு போட வேண்டுமாம் அவருக்கு.

"கிரகண ஜலம் ஆத்துல இருக்கப்படாது. ஒண்ணையும் கொல்லலே, பாரு. பளிச்சுனு இருக்கா?" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் முகத்தில் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கெட்டவரென்றால் திட்டித் தீர்த்திருக்கலாமே!

மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் கத்தினேன். வேறு தண்ணீருக்கு எங்கே போவது? வீட்டில் பழைய தண்ணீர் ஒரு சொட்டு இல்லை, எல்லாவற்றையும்தான் கொட்டியாகிவிட்டதே. மத்தியானத்துக்குள் எல்லாம் மிதந்தன. அக்கா அழவில்லை. சல்லடையால் ஒவ்வொன்றாக எடுத்தாள். "பளிச்சுனுதான் இருக்கு" என்றாள். ராத்திரி சாதம் போடும்போது, "என்னைக் கொண்டு விட்டுடுங்கோப்பா" என்றாள். "நல்லவேளை, புத்தி வந்துது" என்று அப்பா மோரை ஊற்றிக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷம் அவரைப் பிடிக்காமல் போனது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அது மாறவில்லை.

அந்த வீட்டை இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். மூர்மார்க்கெட் எரிந்தே போனது. போகட்டும், செங்கல்லும் கூரையும்தானே. சில வருஷம் முன்னால் பூனாவுக்குப் போயிருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகுநாளாகியிருந்தது. இனி அவளை அதட்ட ஆளில்லை, ஞாபகமும் நன்றாகத்தான் இருந்தது. என் ஆபீஸ் மேனேஜரின் பெயரைக்கூடச் சொன்னாள். சரி, கேட்போமே என்று, "மறுபடி ஒரு மீன்தொட்டி வெச்சுக்கோயேன்க்கா, ரேழியில வெச்சிருந்தோமே அது மாதிரி" என்றேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சிரித்தாள்.

"நம்மாத்துலயா? மீனா? போடீ, அப்பா ஒத்துண்டிருக்கவே மாட்டார்."